பிளவே அச்சாக: மாமல்லபுரத் தபசுப் பாறையில் காட்சி ஒருமை

ஓவியத்திலும் வரைகலை வடிவமைப்பிலும் ஒருமையைப் பற்றிப் பேசும்போது, ஒரே நிறமும் ஒரே எழுத்துருவும் திரும்பத் திரும்ப வருவதையே பெரிதும் கற்பிக்கிறோம். மாமல்லபுரத்துப் பெரும் புடைப்புச் சிற்பத்தின் முன் நின்றால் அந்தப் பாடம் போதவில்லை. ஏறத்தாழ 30 மீட்டர் நீளப் பாறையில் 100க்கும் மேற்பட்ட உருவங்கள். தேவர், முனிவர், வேடர், சிங்கம், யானை, எலி. அளவிலும் ஒழுங்கு இல்லை: வரமருளும் சிவனைவிடக் கீழே நிற்கும் களிறு மிகப் பெரிது. சட்டமும் இல்லை, அடுக்குகளைப் பிரிக்கும் கோடும் இல்லை. ஆனாலும் எதுவும் சிதறவில்லை.

கதைதான் இவற்றைக் கட்டிவைத்திருக்கிறது என்பது வழக்கமான விடை. எந்தக் கதை? அர்ச்சுனன் தபசு என்பது ஊரறிந்த பெயர். 1914இல் ஆய்வாளர் விக்டர் கோலுபேவ் இதைக் கங்கை மண்ணில் இறங்கிய காட்சி என்றார். 1994இல் கலை வரலாற்றாளர் பத்மா கைமல், பொருள் இப்படி இரண்டுபட்டு நிற்பதே திட்டமிட்டதுதான் என வாதிட்டார். வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் பாறையை ஒரே படைப்பாகக் காண்பதில் எவருக்கும் தயக்கம் இருந்ததில்லை. ஆகவே ஒருமையின் வேரைக் கதைக்கு வெளியே தேட வேண்டும்.

பாறையின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் இயற்கைப் பிளவில்தான் அந்த வேர் இருக்கிறது என்பது என் துணிபு. வேறொரு சிற்பி இந்தப் பாறையே வேண்டாம் என்று விலகியிருக்கக்கூடும். பல்லவச் சிற்பியோ பிளவுக்குள் கைகூப்பிய நாகர்களை மேலெழச் செய்து, அதை ஆறாக்கினார். உச்சியில் நீர் தேக்கியதற்கான தடயங்கள் உள்ளன; விழாநாளில் உண்மையாகவே நீர் வழிந்திருக்கலாம். பறப்பவரின் மடங்கிய கால், யானையின் நடை, கூப்பிய கை என இருபுறத்திலும் பெரும்பாலான அசைவுகள் இந்தப் பள்ளத்தை நோக்கியே சாய்கின்றன. உருவங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கத் தேவையே எழவில்லை. ஒரே திசையைப் பகிர்ந்தாலே போதும்.

திரும்ப வருதல் இங்கும் உண்டு, ஆனால் மாறி வருகிறது. ஒற்றைக்காலில் கையுயர்த்தி நிற்கும் தவசியின் எலும்பு தெரியும் உடலைப் பார்த்துவிட்டு யானையருகே கண்ணை இறக்கினால், அதே போல முன்கால்களைத் தூக்கி நிற்கிறது ஒரு பூனை, சுற்றிலும் எலிகள். புனிதமும் விளையாட்டும் ஒரே கோட்டால் வரையப்பட்டிருக்கின்றன. இந்தப் பூனைக்காகவே எத்தனை முறையும் அங்கே போகலாம்.

அருகிலுள்ள கிருஷ்ண மண்டபத்தின் கோவர்த்தனச் சிற்பம் வேறு வழியில் ஒன்றுபடுகிறது. அங்கே மலையைத் தாங்கும் கண்ணனே அச்சு. ஒளிப்படத்தில் அவனைக் கையால் மறைத்தால் பால் கறப்பவனும் கன்றை நக்கும் பசுவும் தனித்தனிக் காட்சிகளாகிவிடுகின்றன. தபசுப் பாறையின் படத்தில் சிவனையும் தவசியையும் மறைத்துப் பாருங்கள்: யானைகள் இன்னும் ஆற்றை நோக்கியே நடக்கின்றன. பிளவை மறைத்தால்தான் அவை நிற்கின்றன.