சிறைச் சுவரும் இளம் உள்ளமும்



பேராக் மாநிலத்தின் தைப்பிங் நகரில் 1879ஆம் ஆண்டில் ஒரு சிறைச்சாலை எழுந்தது. ஈயச் சுரங்கங்கள் செழித்த காலம் அது. குற்றத்துக்குத் தண்டனை, அதற்கொரு சிறை என்பதே அன்றைய எண்ணம். உள்ளே போகும் இளைஞன் யாரிடம் எதைக் கற்று வெளியே வருவான் என்ற கேள்வி மெல்ல மெல்லத்தான் எழுந்தது.

இங்கிலாந்தில் அதற்கு 1902இல் ஒரு விடை தேடினார்கள். போர்ஸ்டல் என்னும் சிற்றூரில் இளங்குற்றவாளிகளைப் பெரியவர்களிடமிருந்து பிரித்து, தொழிலும் ஒழுங்கும் பழக்கினார்கள். நம் நாட்டில் 1947இல் இளையோர் நீதிமன்றச் சட்டம் பிறந்தது. மலாக்காவின் தெலுக் மாஸில் ஹென்றி கர்னி பள்ளி அமைந்தது. பழைய சட்டத்தின் இடத்தில் வந்த 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம், 14 வயது நிரம்பாதவரைச் சிறையில் அடைக்கக் கூடாது என்கிறது. அதற்கு மேற்பட்ட சிறாரையும் இயன்றவரை வயது வந்த கைதிகளோடு பழக விடலாகாது என்கிறது.

ஏன் இத்தனை கவனம்? டொனால்ட் கிளெம்மர் என்ற அமெரிக்க அறிஞர், சிறை வாழ்வை ஆராய்ந்து 1940இல் ஒரு நூல் எழுதினார். சிறைக்குள் தனிப் பேச்சும் தனிக் கட்டுப்பாடும் உண்டு; புதிதாக வருபவன் தன்னையறியாமலே அவற்றுக்குப் பழகிவிடுகிறான் என்றார். 1961இல் ஸ்டான்டன் வீலர் என்பவர் மற்றோர் உண்மையைக் கண்டார். விடுதலை நாள் நெருங்கும்போது கைதிகள் பலரின் மனம் மீண்டும் வெளியுலகின் நெறிகளை நாடுகிறதாம்.

அப்படித் திரும்பும் மனத்தை வரவேற்க வெளியே யார் இருக்கிறார்கள்? தோட்டத்தில் லயத்து வீடு இருந்தது, கோயில் இருந்தது, பெயர் சொல்லி அதட்டும் பெரியவர்கள் இருந்தார்கள். 1950களில் தோட்டத் துண்டாடல் வந்தபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கண்டார். ஆயினும் பின்னாளில் பல தோட்டங்கள் கைமாறின. குடும்பங்கள் ஈப்போ போன்ற நகரங்களுக்குப் பிழைப்புத் தேடிப் போயின. அண்டை வீட்டாரே அறிமுகமற்றவர் ஆயினர்.

அத்தகைய இடத்துக்கு விடுதலையாகி வரும் பையனை, 'வாடா தம்பி' என்று முதலில் அழைப்பவன் பழைய கூட்டாளியாக இருந்தால், சிறைப் பாடமே தொடரும். ஒரு பட்டறைக்காரரோ மாமனோ அத்தையோ முந்திக்கொண்டால், அது மறக்கத் தொடங்கும். சிறைக்குள் பிரித்து வைப்பது சட்டத்தின் வேலை. வெளியே சேர்த்துக்கொள்வது நம் வேலை.