புதுச்சேரி நாட்குறிப்பு மரபும் நாவல் வாசகரின் குறிப்பேடும்

தமிழ் நாவலின் வரலாறு இதுவரை பெரிதும் ஆசிரியர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்தது, பி. ஆர். ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணியில் தொடராக வந்தது, அ. மாதவையாவின் பத்மாவதி சரித்திரம் 1898இல் வந்தது. இந்த வரிசை தமிழிலக்கிய மாணவர் எவருக்கும் மனப்பாடம். ஆனால் இந்நூல்களை எவர் படித்தனர், எங்கிருந்து பெற்றுப் படித்தனர், எந்த வயதில் படித்தனர், படித்து முடித்தபின் என்ன நினைத்தனர் என்னும் வினாக்களுக்கு விடை தரும் சான்றுகள் மிகக் குறைவு. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' (2002) இத்திசையில் எழுந்த முதன்மையான ஆய்வு. ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்கும் பழக்கத்திலிருந்து தனியே அமர்ந்து வாய்க்குள் படிக்கும் பழக்கத்திற்குத் தமிழ் வாசகர் நகர்ந்ததை அந்நூல் விளக்குகிறது. அத்தகைய ஆய்வுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் முன்னுரைகளும் விளம்பரங்களும் தன்வரலாறுகளும் நாவல் படிப்பதைக் கண்டித்து எழுதப்பட்ட கட்டுரைகளுமே. வாசகர் தம் கைப்பட எழுதிவைத்த குறிப்பு இவற்றினும் நேரான சான்றாகும். அது அரிதாகவே ஆய்வாளர் கைக்கு வருகிறது.

அரசின் பதிவுகள் இக்குறையை நிரப்புவதில்லை. பிரித்தானிய இந்தியாவில் 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூற்பதிவுச் சட்டத்தின்படி வெளியான நூல்களின் காலாண்டுப் பட்டியல்கள் தொகுக்கப்பட்டன. ஒரு நாவல் எத்தனை படிகள் அச்சாயிற்று, என்ன விலை, எந்த அச்சகம் என்பவற்றை அவற்றிலிருந்து அறியலாம். ஆயிரம் படிகள் அச்சாயின என்பதால் ஆயிரம் பேர் படித்தனர் என்றாகாது. ஒரே படி ஒரு தெரு முழுவதும் சுற்றி வந்திருக்கவும் கூடும். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி இச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே இருந்தது. ஆகவே அவ்வூரின் வாசிப்பை அறிய முயல்வோர்க்குத் தனிமனிதர் எழுதிவைத்த ஏடுகள் மேலும் இன்றியமையாதவை ஆகின்றன.

நாட்குறிப்பின் ஊர்

தமிழில் தனிமனிதர் பதிவுக்கு இலக்கணமாகச் சுட்டப்படுவது புதுச்சேரியில்தான் எழுந்தது. டூப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) 1736 செப்டம்பர் 6 முதல் தம் இறுதி நாள்கள் வரை எழுதிய நாட்குறிப்பில், கப்பல்களின் வரவு, சரக்கு, ஆளுநர் மாளிகைப் பேச்சு, படையெடுப்பு, சோதிடம், ஊர் வதந்தி ஆகிய யாவும் இடம்பெறுகின்றன. அவர் 1761 ஜனவரி 12இல் இறந்தார்; நான்கு நாள்களில் நகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அவருக்குப்பின் அவர் குடும்பத்தாரும் எழுதினர். இரண்டாம் வீரா நாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதிய நாட்குறிப்பும் அச்சில் கிடைக்கிறது. பிற்காலத்தில் இதே ஊரில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதி 1915இல் 'சித்தக் கடல்' என்னும் நாட்குறிப்பை எழுதினார். 1910இல் வந்து சேர்ந்த அரவிந்தர் தம் யோகப் பயிற்சி பற்றி 1927 வரை குறிப்பேடுகள் எழுதினார். நோக்கங்கள் வேறுபட்டாலும் நாள்தோறும் எழுதும் பழக்கம் இவ்வூருக்குப் புதிதன்று.

ஆனந்தரங்கர் காலத்தில் தமிழில் நாவல் இல்லை. அவருடைய இலக்கிய உறவு புரவலருக்குரியது. தியாகராச தேசிகரின் ஆனந்தரங்கன் கோவையும் சீனிவாச கவியின் வடமொழி நூலான ஆனந்தரங்க விஜய சம்புவும் அவரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு எழுந்தவை. ஆயினும் படித்ததைப் பதிவு செய்ய விரும்பும் ஒருவர் அவரிடம் கற்கத்தக்க முறை ஒன்று உண்டு. தமிழ் ஆண்டும் மாதமும் கிழமையும் ஐரோப்பியத் தேதியும் குறித்தபின், நிகழ்ந்தது இன்னது, அதைத் தாம் நேரில் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா, சொன்னவர் யார், அப்போது எவர் உடனிருந்தார் என்பதையெல்லாம் அவர் எழுதுகிறார். செய்தியோடு செய்தி வந்த வழியும் பதிவாகிறது. வரலாற்றாசிரியர்க்கு அந்நாட்குறிப்பு பயன்பட்டது பெரிதும் இதனால்தான். நாவல் வாசகரின் குறிப்பேட்டிற்கும் இது பொருந்தும். 'நன்று', 'சுமார்' என்னும் மதிப்பீட்டைவிட, அந்நூல் எவர் வீட்டிலிருந்து வந்தது, எத்தனை நாளில் படித்து முடிந்தது, அடுத்து எவருக்குக் கொடுக்கப்பட்டது என்னும் மூன்று செய்திகள் பிற்கால ஆய்வாளர்க்கு மிகுதியாக உதவும்.

பிரான்சிலிருந்து வரும் ஒரு சான்று இதனை விளக்கும். ஆனந்தரங்கர் இறந்த அதே 1761இல் ரூசோவின் 'புதிய எலோயீஸ்' நாவல் வெளிவந்தது. அதைப் படித்துக் கண்ணீர் விட்ட வாசகர் பலர் ரூசோவுக்கே கடிதம் எழுதினர். லா ரோஷேல் என்னும் துறைமுக நகரத்து வணிகர் ழான் ரான்சோன், சுவிட்சர்லாந்தின் நெஷாத்தெல் பதிப்பகத்துக்கு நூல் கேட்டு எழுதிய கடிதங்களில், ரூசோவைப் படித்தது தம் இல்லறத்தையும் பிள்ளை வளர்ப்பையும் எவ்வாறு பற்றியது என்பதையும் எழுதியிருந்தார். அக்கடிதங்களைக் கொண்டே வரலாற்றாசிரியர் ராபர்ட் டார்ன்டன் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வாசகர் ஒருவரின் உருவத்தை 1984இல் தீட்டிக் காட்டினார். ரான்சோனும் துறைமுக வணிகர், ஆனந்தரங்கரும் துறைமுக வணிகர். முன்னவர் நூல் வாங்கும் கடிதத்திலேயே மனத்தையும் சேர்த்து எழுதியதால் ஒரு வாசகர் வரலாற்றில் இடம்பெற்றார்.

மறைத்துப் படித்தவை

ஆனந்தரங்கரை 'இந்தியாவின் பெப்பீஸ்' என அழைப்பதுண்டு. அந்த இலண்டன் அலுவலர் சாமுவேல் பெப்பீஸ் 1668 பிப்ரவரியில் காமச்சுவை மிக்க பிரெஞ்சு நூல் ஒன்றை மலிவான கட்டடத்தில் வாங்கினார், படித்தார், தம் நூற்பட்டியலில் அது இடம்பெறுவது இழுக்கு என்று எண்ணித் தீயிலிட்டார். ஆனால் வாங்கியதையும் படித்ததையும் எரித்ததையும் சுருக்கெழுத்து நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பட்டியல் மறைத்ததை நாட்குறிப்பு காட்டிக்கொடுத்தது. வாசிப்பு வரலாற்றில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதனினும் தெளிவாக வெளிப்படும் இடம் அரிது.

தமிழ் நாவல் வாசிப்பிலும் மறைத்துப் படித்தவை பல. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் துப்பறியும் நாவல்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் பரவலாக விற்றன. அதே காலத்தில் நாவல் படிப்பது, குறிப்பாக இளைஞரும் பெண்களும் படிப்பது, ஒழுக்கக் கேட்டிற்கு வழி என்னும் கண்டனமும் வலுத்தது. படிப்பதே குற்றமாகக் கருதப்பட்ட சூழலில் படித்ததை எழுதிவைப்பது குற்றத்திற்குத் தாமே சான்று உண்டாக்குவதாகும். தமிழ் வாசகர் குறிப்பேடுகளின் அருமைக்கு இக்கூச்சமும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. வீட்டுக் கணக்கு எழுதும் ஏட்டில் பாலுக்கும் விறகுக்கும் இடமிருந்தது. இரவல் வாங்கிய நாவலுக்கு இடமில்லை.

எனினும் குறிப்பே எழுதாமல் குறிப்பு வைத்த வாசகர்கள் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஈழத்திலும் இருந்தனர். வார இதழ்களில் வந்த தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்தெடுத்து, வரிசைப்படுத்தி, பைண்டு செய்து வைத்துக்கொண்ட வழக்கமே அது. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்தது. மணியத்தின் ஓவியங்களோடு கூடிய அத்தகைய கட்டடங்கள் பல குடும்பங்களில் தலைமுறை கடந்து நின்றன. ஒரு கட்டடத்தில் உடையவரின் கையெழுத்து இருக்கும். இரவல் கொடுத்தவர்களின் பெயர்கள் கடைசித் தாளில் இருப்பதுண்டு. பக்கத்தின் பின்புறத்தில் அவ்வாரத்துச் சோப்பு விளம்பரமோ திரைப்பட விளம்பரமோ சிக்கியிருக்கும். விடுபட்ட வாரமும் ஒரு செய்திதான்: அவ்வாரம் இதழ் வாங்கப் பணம் இல்லையா, ஊரில் இல்லையா, இரவல் போய்த் திரும்பவில்லையா என்னும் வினா எழுகிறது. அச்சு நூலாகப் பின்னர் வந்த பதிப்பில் இவற்றுள் ஒன்றும் இல்லை. நாவலின் பாடத்தை ஆராய்வோர்க்குப் பதிப்பே போதும். வாசகரை ஆராய்வோர்க்குக் கிழிந்த ஓரங்களோடு கூடிய அக்கட்டடமே மூல ஆவணம்.

பொதுவில் வைத்த பட்டியல்

தாம் படித்த நாவல்களை வெளிப்படையாகப் பதிவு செய்த தமிழ் வாசகர்களுள் க. நா. சுப்ரமண்யம் (1912–1988) முதல்வர். 'முதல் ஐந்து தமிழ் நாவல்கள்', 'படித்திருக்கிறீர்களா?' என்னும் நூல்களில் அவர் செய்தது, கல்விப்புலத் திறனாய்வு என்பதைவிடத் தேர்ந்த வாசகர் ஒருவர் தம் அலமாரியைத் திறந்து காட்டியது எனலாம். நட் ஹாம்சனையும் செல்மா லாகர்லெவையும் படித்ததோடு நில்லாமல் தமிழில் தந்தும் வைத்தார். அவர் ஓயாமல் பட்டியல் போடுபவர் என்று எதிர்த்தரப்பினர் ஏளனம் செய்தனர். காரணம் விளக்காமல் பெயர்களை மட்டும் அடுக்கிய இடங்களில் அந்த ஏளனத்திற்கு நியாயம் இருந்தது. ஆனால் எவரும் நினையாதிருந்த முற்கால நாவல்களை மீண்டும் பேசுபொருளாக்கியதில் அப்பட்டியல்களின் பங்கு பெரிது. சிட்டியும் சிவபாதசுந்தரமும் எழுதிய 'தமிழ் நாவல்: நூறாண்டு வரலாறும் வளர்ச்சியும்' (1977) நூலும் இத்தகைய பரந்த வாசிப்பின் விளைவே.

க. நா. சு.வின் பதிவில் ஒன்று குறைகிறது. பிறருக்கு வழிகாட்டும் நோக்கில் எழுதப்பட்டதால், முதலில் பிடித்துப் பின்னர் பிடிக்காமற்போனவை, பாதியில் நிறுத்தியவை, படித்ததற்கு நாணியவை ஆகியன அதில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. தனக்கென எழுதும் குறிப்பேட்டின் பயன் தொடங்குவது அங்கேதான். ஒரே நாவலை இருபது வயதிலும் ஐம்பது வயதிலும் படித்து இருமுறையும் எழுதிய இரண்டு வரிகள், அந்நாவலைப் பற்றி மட்டுமன்றி இடையே சென்ற முப்பது ஆண்டுகளைப் பற்றியும் சொல்லும்.

குறிப்பைப் படித்த நாவலாசிரியர்

நாட்குறிப்பும் நாவலும் புதுச்சேரியில் சந்தித்த இடம் பிரபஞ்சனின் (1945–2018) படைப்பு. 'மானுடம் வெல்லும்', சாகித்திய அகாதெமி பரிசு (1995) பெற்ற 'வானம் வசப்படும்' ஆகிய இரு நாவல்களுக்கும் ஆனந்தரங்கர் நாட்குறிப்பே முதன்மை ஆதாரம். அவற்றை வரலாற்று நாவல்கள் என வகைப்படுத்துவது சரி; நீண்ட வாசிப்பொன்றின் பதிவு எனக் கொள்வதும் பொருந்தும். துபாஷி தம் தகுதிக்கேற்ப எழுதியதில் ஓரமாக வந்து போகும் எளிய மனிதர்களை அந்த வாசகர் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது போன்ற நிகழ்ச்சிகளில், நாட்குறிப்பு எச்சரிக்கையோடு எழுதிச் செல்வதை நாவல் நின்று பேசுகிறது. பதிவு எவ்வளவு விரிவாயிருந்ததோ அவ்வளவுக்கு அதனோடு வாதாடவும் நாவலாசிரியர்க்கு இடம் கிடைத்தது.

அந்த வாசிப்பு நிகழ்ந்ததே தற்செயலின் விளைவு. ஆனந்தரங்கரின் மூல ஏடுகள் குடும்பத்தாரிடம் முடங்கிக் கிடந்தன. 1846இல் கலுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு படியெடுத்தார். தமிழ் பயின்ற அரியேல் எடுத்த மற்றொரு படி பாரிசின் தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. மூலத்தின் சில பகுதிகள் பின்னர் மறைந்தன. சென்னை அரசு ஆங்கில மொழிபெயர்ப்பை 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. தமிழ் மூலமோ 1948இல்தான் அச்சேறத் தொடங்கியது. கண்டெடுத்ததற்கும் தாய்மொழியில் அச்சானதற்கும் இடையே 102 ஆண்டுகள்.

படியெடுக்க ஒருவர் வாய்க்காத ஏடுகளின் கதி வேறு. 1827இல் நிறுவப்பட்டு இன்று ரோமன் ரோலண்டு பெயரைத் தாங்கும் புதுச்சேரிப் பொது நூலகத்திற்குத் தலைமுறை தலைமுறையாகச் சென்று நாவல் எடுத்து வந்தவர்கள் பல்லாயிரவர். அவர்களுள் எவரேனும் பள்ளி நோட்டிலோ பழைய டைரியிலோ படித்தவற்றை எழுதியிருப்பின், அந்நோட்டு வீட்டை ஒழிக்கும் நாளில் பழைய பேப்பர்க் கடைக்கு எடைக்குப் போகும். தனியார் நூற்சேமிப்பு ஆய்வு நூலகம் ஒன்றை வந்தடையும்போதும் அச்சு நூல்களே முதலில் அட்டவணைக்குள் செல்கின்றன. ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு ஆகியவற்றிற்கு அட்டவணையில் இடம் உண்டு; முன்பக்கத்தில் உடையவர் எழுதிய தேதிக்கும், இரவல் பெயர்களுக்கும், பக்க ஓரத்துப் பென்சில் குறிப்புக்கும் ஓர் இடம் ஒதுக்குவது பெருஞ்செலவு பிடிக்கும் வேலையன்று. ஆனந்தரங்கரின் ஏடுகள் 85 ஆண்டுகள் காத்திருந்தன. அமிலம் கலந்த மலிவுத் தாளில் பேனா மையால் எழுதிய நோட்டுகள் அத்தனை காலம் தாங்குவதில்லை. மடிக்கும் இடத்தில் தாள் ஏற்கெனவே உதிரத் தொடங்கியிருக்கும்.