தகடூர்த் தோழி

தமிழர் நட்பின் பெருமையைப் பேசப் புகுவோர் இரண்டு இணைகளை முதலில் நினைவுகூர்வர். ஒன்று, பறம்பு மலைத் தலைவன் பாரியும் கபிலரும். மற்றொன்று, நேரிற் காணாமலே உள்ளம் ஒன்றிய கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும். இவற்றோடு ஒத்து வைக்கத்தக்க மூன்றாவது இணை தகடூர் மண்ணுக்கு உரியது. அதியமான் நெடுமான் அஞ்சியும் அவ்வையாரும் அவ்விணையினர்.

முதல் இரண்டு இணைகளிலும் இருவரும் ஆடவர். மூன்றாவதில் ஒருவர் பெண். அதனாலோ என்னவோ, முன்னவற்றை நட்பு என்று போற்றிய தமிழுலகம் பின்னதை வள்ளன்மை என்றே சொல்லிப் பழகிவிட்டது. அரசன் நெல்லிக்கனி கொடுத்தான், புலவர் பெற்று வாழ்த்தினார் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. புறநானூற்றுப் பாடல்களை ஒருசேர வைத்துப் படிப்போர்க்கு வேறொரு வரலாறு புலப்படும். அங்கே கொடுப்பவன் அதியமான் மட்டும் அல்லன். அவன் வாழ்வையும் புகழையும் உருவாக்கியதில் அவ்வையாருக்குப் பெரும் பங்கு உண்டு.

அதியர் நாடு

இன்றைய தருமபுரியே பண்டைத் தகடூர். சேலம் மாவட்டத்திலிருந்து 1965ஆம் ஆண்டு பிரிந்து தனி மாவட்டமாகிய இந்நிலப்பகுதி, பாலக்கோடு உள்ளிட்ட ஊர்களோடு, அதியர் ஆட்சியின் நினைவைத் தாங்கி நிற்கிறது. அதியமான்கோட்டை என்னும் ஊர்ப்பெயரே அதற்குச் சான்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகன் தன் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரரையும் குறித்தான். அவர்கள் யார் என்னும் வினா நெடுங்காலம் ஆய்வாளரைத் திகைக்க வைத்தது. 1981இல் திருக்கோவலூருக்கு அருகிலுள்ள சம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அதற்கு விடை தந்தது. சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி என்று அக்கல் கூறுகிறது. பாட்டில் மட்டுமே வாழ்ந்த பெயர் கல்லிலும் கிடைத்தது.

அதியரின் முன்னோரே கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தவர்கள் என்று அவ்வையார் புறநானூற்றின் 99ஆம் பாட்டில் குறிக்கிறார். கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்த பாலக்கோட்டு மக்களுக்கு அச்செய்தி தனி இன்பம் தருவதாகும். அதே பாட்டில், அதியமானின் கோவலூர் வெற்றியைப் பரணர் பாடினார் என்றும் அவ்வையார் மகிழ்ந்து உரைக்கிறார். பரணரின் அப்பாட்டு இன்று கிடைக்கவில்லை. அது பாடப்பட்டது என்னும் செய்தியை மற்றொரு புலவரின் பெருந்தன்மை காத்துத் தந்திருக்கிறது.

மூதாட்டி என்னும் திரை

அவ்வை என்னும் சொல்லுக்குத் தாய், முதியவள் என்னும் பொருள்கள் உண்டு. அப்பெயரில் வெவ்வேறு காலங்களில் புலவர் பலர் வாழ்ந்தனர். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடியவர் சங்க கால அவ்வையாருக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர். மக்கள் மனம் அனைவரையும் ஒருவராக்கிக் கையில் கோல் ஊன்றிய மூதாட்டியாக வடித்துக்கொண்டது. 1953இல் வெளிவந்த 'ஔவையார்' திரைப்படத்தில் கே.பி.சுந்தராம்பாள் அவ்வடிவுக்கு அழியாத குரல் தந்தார். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் எழுந்த சிலையும் அவ்வடிவையே நிலைநிறுத்தியது.

சங்கப் பாடல்கள் காட்டும் அவ்வையார் வேறானவர். புறநானூற்றின் 89ஆம் பாட்டில் பகையரசன் ஒருவன் அவரை அணி பூண்ட, மை தீட்டிய கண்ணும் ஒளி பொருந்திய நெற்றியும் உடைய விறலி என விளித்து, உங்கள் நாட்டில் போர்வீரரும் உளரோ என வினவுகிறான். 92ஆம் பாட்டில் அவரே தம் சொல்லைக் குழந்தையின் மழலைக்கும் அதியமானின் அன்பைத் தந்தையின் அன்புக்கும் ஒப்பிடுகிறார். தம்மைக் குழந்தை நிலையில் வைத்துப் பேசியவரைத் தமிழகம் பாட்டியாக்கியது.

இம்மாற்றத்தால் நேர்ந்த இழப்பு ஒன்று உண்டு. பாட்டியை வணங்கலாம், அவர் அறிவுரையைக் கேட்கலாம். ஆனால் ஓர் ஆடவனுக்கு நிகராக அமர்ந்து அவனோடு உண்டு, சினந்து, தூது சென்று, அவனுக்காக அழுத தோழி அம்மூதாட்டி வடிவத்துக்குப் பின்னே மறைந்துபோனாள்.

தோழி செய்தவை

சங்கத் தொகைகளில் அவ்வையார் பெயரால் 59 பாடல்கள் உள்ளன. அவற்றுள் 33 புறநானூற்றில் அமைந்தவை. எஞ்சிய 26 அகப்பாடல்கள். தலைவியின் துயரையும் தோழியின் பரிவையும் பேசத் தெரிந்தவர் அவர் என்பதற்கு அவை சான்று. புறப்பாடல்களுள் 20க்கும் மேற்பட்டவை அதியமானைப் பற்றியன.

அவன் பகைவரை அவர் சொல்லால் தடுத்தார். ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன் எங்கள் வீரன், அவனை எதிர்த்துக் களம் புகாதீர் என 87ஆம் பாட்டில் எச்சரித்தார். போரைத் தவிர்க்க அதியமான் அவரைத் தொண்டைமானிடம் தூதாக அனுப்பினான். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமிதத்தோடு காட்டினான். உன் கருவிகள் நெய் பூசப்பெற்று, மயிற்பீலி சூடிக் காவலில் இருக்கின்றன. எம் தலைவனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று அவர் விடை கூறினார். புகழ்வது போலப் பழித்த அம்மொழி இன்றளவும் தூதுரைக்கு இலக்கணமாய் விளங்குகிறது.

நட்பின் உரைகல் புகழ்ச்சி அன்று, இடித்துரைக்கும் உரிமையே. அதியமான் பரிசில் தரக் காலந்தாழ்த்தியபோது அவ்வையார் வாயிற்காவலனை நோக்கிப் பாடிய 206ஆம் பாட்டு அவ்வுரிமையின் உச்சம். உன் தலைவன் தன்னை அறியானோ, என்னை அறியானோ எனக் கேட்டு, யாழைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார். கோடரி ஏந்திய தச்சச் சிறுவர்க்குக் காடெங்கும் மரம் இருப்பது போலக் கலை வல்லார்க்கு எத்திசையிலும் சோறு உண்டு என்கிறார். அரசவையை அண்டி வாழ்பவரின் குரல் இவ்வாறு ஒலிப்பதில்லை. அவ்வையாரே 101ஆம் பாட்டில், ஒரு நாள் சென்றாலும் பல நாள் பலரோடு சென்றாலும் முதல் நாள் போன்ற அன்பே காட்டுவான் அதியமான் என்கிறார். ஊடலும் கூடலும் கடந்த நட்பு அவ்விருவருடையது.

இப்பின்னணியில்தான் நெல்லிக்கனியை எண்ண வேண்டும். ஏறுதற்கரிய மலைப்பிளவில் விளைந்த கனியின் பயனைத் தன் நெஞ்சுக்குள் மறைத்து, உண்டவர் நீடு வாழ வேண்டும் என்று அதியமான் அதனை அவ்வையாருக்கு அளித்தான். சிறுபாணாற்றுப்படையும் இக்கொடையைக் குறித்து அவனை வள்ளல் எழுவருள் ஒருவனாக எண்ணுகிறது. வள்ளன்மை என்பதோடு, தன் நாட்டிற்காகப் பேசிய, தன்னைத் திருத்திய தோழிக்கு அவன் செலுத்திய நன்றியாகவும் இக்கொடையைக் கொள்ளலாம். அதியமான் பாட்டு எழுதி வைக்கவில்லை. அவன் நன்றி ஒரு கனியாய் அமைந்தது.

நடுகல்லும் கண்ணீரும்

சேர வேந்தன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழித்தான். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து அவ்வெற்றியைப் போற்றுகிறது. அப்போரைப் பாடிய 'தகடூர் யாத்திரை' என்னும் நூல் மறைந்து, சில பாடல்களே புறத்திரட்டு முதலியவற்றில் எஞ்சியுள்ளன. நெல்லிக்கனியை உண்டவர் வாழ, கொடுத்தவன் மார்பில் வேல் பாய்ந்து மாண்டான்.

அதன்பின் அவ்வையார் பாடியவை தமிழின் ஒப்பற்ற கையறுநிலைப் பாடல்கள். 235ஆம் பாட்டில் அவர் நினைவுகூர்வன அரச ஆடம்பரங்கள் அல்ல. சிறிது கள் கிடைத்தால் எமக்கே தருவான், மிகுதியாகக் கிடைத்தால் யாம் உண்டு பாட உடனிருந்து மகிழ்வான் என்கிறார். நறுமணம் கமழும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவுவான் என்றும் சொல்கிறார். அவன் மார்பில் தைத்த வேல் பாணரின் உண்கலங்களையும் புலவர் நாவையும் துளைத்தது என்று அரற்றுகிறார். 232ஆம் பாட்டில், மயிற்பீலி சூட்டிய நடுகல்லுக்குச் சிறு கலத்தில் படைக்கும் கள்ளை, நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாத அவன் ஏற்பானோ எனக் கேட்கிறார்.

நடுகற்கள் மிகுந்த மாவட்டம் தருமபுரி. 1970களில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் ஊர் ஊராய்ச் சென்று அவற்றைப் படியெடுத்தனர். ஏரிக்கரையிலும் வயல்வரப்பிலும் நிற்கும் அவ்வீரர்களுள் பலர் பெயரற்றவர்கள். அதியமானுக்குக் கல்லைக் காட்டிலும் உறுதியான நினைவுச்சின்னம் வாய்த்தது. அதனை நட்டவர் அவன் தோழி. அவன் மகன் பொகுட்டெழினியையும் அவர் பாடினார். உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது அந்நட்பு மீண்டும் தமிழர் கைக்கு வந்தது.

முதல் ஏட்டில் ஒரு பெயர்

பெண்ணுக்குப் பட்ட கடனை வெளிப்படச் சொல்லும் துணிவு பிற்காலத்தில் பாரதியிடம் மீண்டும் தோன்றியது. அயர்லாந்தில் பிறந்து, விவேகானந்தரின் மாணவியாகி, கல்கத்தாவில் பெண்களுக்குப் பள்ளி நடத்திய நிவேதிதை அவர் வாழ்வைத் திருப்பியவர். மனைவியை உடன் அழைத்து வராதது ஏன் என்று நிவேதிதை வினவிய செய்தியைப் பாரதி வரலாறு எழுதியோர் பலரும் குறிப்பர். பெண்விடுதலை பற்றிய பாரதியின் நோக்கு அதன்பின் விரிந்தது. 1908இல் வெளிவந்த 'ஸ்வதேச கீதங்கள்', 1909இல் வெளிவந்த 'ஜன்ம பூமி' ஆகிய இரு நூல்களையும் அவர் நிவேதிதைக்கே காணிக்கையாக்கினார். குரு என்று அவரைப் போற்றினார். அதியமான் கனியால் செய்ததைப் பாரதி நூலின் முதல் ஏட்டால் செய்தார்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் கவிஞர்க்கு ஒரு கடமையை உணர்த்துகின்றன. கவிதையின் முதல் வடிவைக் கேட்டவர், பிழையைத் தயங்காது சொன்னவர், இடருற்ற நாளில் பிறரிடம் சென்று பரிந்து பேசியவர் எனத் தோழியர் பலர் ஒவ்வோர் எழுத்தாளர் வாழ்விலும் உண்டு. தாய்க்கும் மனைவிக்கும் நூன்முகத்தில் இடம் கிடைக்கிறது. தோழியின் பெயர் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. ஊரார் என்ன நினைப்பரோ என்னும் அச்சமே அதற்குக் காரணம். அவ்வையாரை மூதாட்டியாக்கியதிலும் அவ்வச்சத்துக்குப் பங்கு இருந்திருக்கலாம்.

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இம்மண்ணின் தலைவன் ஒருவனுக்கு அத்தகைய அச்சம் இருந்ததாகப் பாடல்கள் காட்டவில்லை. தோழியைத் தூதாக அனுப்பினான். அவள் சினத்தைத் தாங்கினான். தன் வாழ்நாளை நீட்டிக்க வல்ல கனியை அவள் கையில் வைத்தான். தகடூர் வழிவந்த கவிஞர்கள் தம் தோழியர் பெயரைத் தம் நூலின் முதல் ஏட்டில் எழுதுவது, அந்தக் கனிக்கு நிகரான கொடையாகும்.