ரஷ்யாவின் பொருளாதார மண்டலங்கள்

இயற்கை வளம், தொழில், போக்குவரத்து ஆகியவற்றால் பிணைந்து கிடக்கும் நிலப்பரப்புகளை ஒன்றுசேர்த்து, திட்டமிடலுக்காகவும் புள்ளிவிவரத்துக்காகவும் வகுக்கப்பட்ட பெரும்பிரிவுகளே ரஷ்யாவின் பொருளாதார மண்டலங்கள். வடக்கு, வடமேற்கு, மத்திய, வோல்கா-வியாத்கா, மத்தியக் கரிசல், வோல்கா, வடக்குக் காக்கசஸ், யூரல், மேற்குச் சைபீரியா, கிழக்குச் சைபீரியா, தூரக் கிழக்கு, கலினின்கிராத் என மண்டலங்கள் பன்னிரண்டு. இவற்றுக்கு ஆளுநர் இல்லை, சட்டமன்றம் இல்லை, கருவூலமும் இல்லை. நாட்டை உற்பத்தியின் இயல்புப்படி பிரிக்க வேண்டும் என்ற எண்ணமும், ஆள்வதற்கு வசதியாகப் பிரிக்க வேண்டும் என்ற எண்ணமும் நூறாண்டுக்கு மேலாக மோதிக்கொண்டதன் விளைவு இது.

ஜார் காலத்து மாகாண எல்லைகள் பொருளாதாரத்தைப் பார்த்து வரையப்பட்டவை அல்ல. 1775இல் இரண்டாம் கத்தரீன் கொண்டுவந்த சீர்திருத்தம் ஒரு மாகாணத்துக்கு 3 முதல் 4 லட்சம் ஆண்கள் என்று தலை எண்ணிப் பிரித்தது. வரி தண்டவும் படைக்கு ஆள் எடுக்கவும் அந்தக் கணக்கு போதுமானதாக இருந்தது. அறிஞர்கள் அதில் நிறைவடையவில்லை. 1818இல் கான்ஸ்தாந்தின் அர்செனியெவ் மண்ணையும் தட்பவெப்பத்தையும் வைத்து நாட்டைப் பத்து நிலப்பரப்புகளாகக் காட்டினார். தனிம வரிசை அட்டவணையால் புகழ்பெற்ற மெந்தெலேயெவ், 1893இல் தொழில் வளத்தின் அடிப்படையில் 14 மண்டலங்களை வகுத்தார். இரண்டுமே நூல்களோடு நின்றன.

நிலைமையை மாற்றியது மின்சாரம். உள்நாட்டுப் போரில் சிதைந்திருந்த நாட்டுக்கு 1920இல் கிளேப் கிர்ஷிஷனோவ்ஸ்கி தலைமையிலான குழு ஒரு மின்மயமாக்கத் திட்டத்தை வகுத்தது. 'கோயெல்ரோ' எனப்பட்ட அந்தத் திட்டம், 10 முதல் 15 ஆண்டுகளுக்குள் 30 மின் நிலையங்களை எழுப்பச் சொன்னது. நிலக்கரி எங்கே கிடைக்கிறது, ஆறு எங்கே பாய்கிறது, அங்கே பிறக்கும் மின்சாரம் எவ்வளவு தூரம் போகும், அதை எந்த ஆலை வாங்கும் என்ற கேள்விகளிலிருந்து எட்டு மண்டலங்கள் உருவாயின. உற்பத்தி ஆற்றலை நடுவில் வைத்து ஒரு நாட்டின் வரைபடத்தை வரைந்த முன்னோடி முயற்சிகளில் இது முதன்மையானது.

1921இல் அமைந்த அரசுத் திட்டக் குழுவான 'கோஸ்பிளான்' அதை மேலும் கொண்டுசென்றது. பொறியாளர் இவான் அலெக்ஸாந்த்ரோவ் நாடு முழுவதையும் 21 மண்டலங்களாகப் பிரிக்கும் வரைவை முன்வைத்தார். பின்னாளில் நீப்பர் ஆற்றின் பெரும் நீர்மின் நிலையத்தை வடிவமைத்தவரும் இவரே. ஒவ்வொரு மண்டலமும் ஏதேனும் ஒரு துறையில் நாட்டுக்கே வழங்கும் அளவு தேர்ச்சி பெற வேண்டும், மற்றதைப் பிற மண்டலங்களிடமிருந்து பெற வேண்டும் என்பது அவர் கொள்கை. பொருளாதாரக் கண்ணால் பார்த்தால் வரைவு உறுதியானது. ஆனால் அது உக்ரைனை இரண்டாக வெட்டியது. தன்னாட்சிக் குடியரசுகளின் எல்லைகளையும் பொருட்படுத்தவில்லை. எதிர்ப்பு கிளம்பியது. மிகயீல் கலினின் தலைமையிலான ஆணையம், குடியரசுகள் தம் உரிமை குலையாமல் முழுமையாகவே ஒரு மண்டலத்தில் சேர வேண்டும் என்று திருத்தியது. தேசிய இனங்களின் எல்லையை அளவுகோல் கொண்டு அழித்துவிட முடியாது என்பதை ஏற்ற நியாயமான திருத்தம் அது.

முதல் சோதனைக் களம் யூரல். பெர்ம், எகத்தெரின்புர்க், செல்யாபின்ஸ்க், தியுமென் ஆகிய நான்கு மாகாணங்களைக் கலைத்து 1923இல் ஒரே யூரல் பிரதேசம் உருவாக்கப்பட்டது. இங்கேதான் முதலில் பொருளாதார மண்டலமும் ஆட்சிப் பிரிவும் ஒன்றாயின. அடுத்த ஆண்டு வடக்குக் காக்கசஸ் அந்த வழியில் வந்தது. 1929க்குள் பழைய மாகாணங்கள் முற்றிலும் மறைந்தன. இந்த ஒற்றுமை நெடுநாள் நீடிக்கவில்லை. கூட்டுப் பண்ணைகளையும் புதிய ஆலைகளையும் நெருக்கமாகக் கண்காணிக்க மாஸ்கோ விரும்பியது. அவ்வளவு பெரிய பிரதேசம் அதற்கு ஒத்துவரவில்லை. 1934இல் யூரல் மூன்றாக உடைக்கப்பட்டது.

ஆட்சி எல்லைகள் சுருங்கிய அதே ஆண்டுகளில் தொழில் எல்லைகள் விரிந்தன. 1930இல் முடிவான யூரல்-குஸ்னெத்ஸ்க் கூட்டமைப்பில், மக்னிதகோர்ஸ்க் இரும்புத் தாதும் குஸ்னெத்ஸ்க் நிலக்கரியும் 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைக் கடந்து இணைந்தன. ஒரு திசையில் கரி ஏற்றிச் சென்ற ரயில் பெட்டிகள் மறுதிசையில் தாதுவுடன் திரும்பின. இரு முனைகளிலும் உலைகள் 1932இல் எரியத் தொடங்கின. சரக்குக் கட்டணத்தைச் செயற்கையாகக் குறைத்துத்தான் இது சாத்தியமாயிற்று. பிறகு அருகிலேயே தாதுவும் கரகண்டா கரியும் கிடைக்க, அந்த நெடும் பிணைப்பு தளர்ந்தது. ஆயினும் 1941இல் மேற்குப் பகுதிகளை ஜெர்மானியப் படை பிடித்தபோது, பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஆலைகளுக்கு உருக்கும் மின்சாரமும் தர யூரலும் சைபீரியாவும் ஆயத்தமாக இருந்தன.

இந்த அனுபவத்துக்கு அறிவியல் வடிவம் கொடுத்தவர் நிகலாய் கலசோவ்ஸ்கி. ஒரு மூலப்பொருளையும் ஆற்றல் மூலத்தையும் தொடர்ந்து எழும் தொழில்களைச் சங்கிலியாகப் பார்க்க வேண்டும் என்று 1947இல் அவர் வாதிட்டார். அங்காரா ஆற்றின் பிராத்ஸ்க் அணை, அதன் மின்சாரத்தை உண்ணும் அலுமினிய ஆலை, காட்டு மரத்தில் இயங்கும் கூழ் ஆலை என்று அறுபதுகளில் எழுந்த தொகுதி அந்தச் சிந்தனையின் நடைமுறை உருவம்.

1957இல் குருஷேவ் மத்தியத் தொழில் அமைச்சகங்கள் பலவற்றைக் கலைத்து, ஆலைகளை 105 வட்டாரப் பொருளாதார மன்றங்களிடம் ஒப்படைத்தார். அமைச்சகங்களின் தனித்தனிச் சுவர்களை உடைப்பது நோக்கம். மன்றங்களின் எல்லைகள் பெரும்பாலும் பழைய பிரதேச எல்லைகளாகவே அமைந்ததால், ஒவ்வொன்றும் தன் வட்டார ஆலைக்கு முதலில் கொடுத்துவிட்டு அடுத்த வட்டார ஆலையைக் காக்கவைத்தது. 47 மன்றங்களாகக் குறைத்தும் பயனில்லை. 1965இல் அமைச்சகங்கள் மீண்டன. அறுபதுகளின் தொடக்கத்தில் நிலைபெற்ற பெரும் பொருளாதார மண்டலங்கள் ஆய்வுக்கும் திட்ட அறிக்கைக்கும் பயன்பட்டன. முதலீட்டை முடிவு செய்யும் உரிமை அமைச்சகங்களிடமே இருந்தது. மண்டலத் திட்டமிடல் வலுவிழந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம்.

சோவியத் ஒன்றியம் கலைந்த பின் திட்டக் குழுவும் இல்லாமற் போனது. மண்டலங்கள் மட்டும் புள்ளிவிவர ஏடுகளிலும் பாடநூல்களிலும் தொடர்ந்தன. 2000 மே மாதம் புதின் ஏழு கூட்டாட்சி மாவட்டங்களை அமைத்தபோது மாஸ்கோவின் கட்டுப்பாடே அளவுகோலாயிற்று. 2010இல் வடக்குக் காக்கசஸ் எட்டாவதாகப் பிரிந்தது. 2019இன் இடஞ்சார் வளர்ச்சி உத்தி மேலும் 12 பெருமண்டலங்களைப் பட்டியலிட்டது. இதனால் ஒரே நிலம் ஒவ்வொரு வரைபடத்திலும் ஒவ்வோர் இடத்தில் நிற்கிறது. எண்ணெய் வளம் மிக்க தியுமென் பொருளாதாரக் கணக்கில் மேற்குச் சைபீரியா, ஆட்சிக் கணக்கில் யூரல். பெர்மும் பஷ்கோர்தோஸ்தானும் யூரல் பொருளாதார மண்டலத்தில் இருந்துகொண்டே வோல்கா மாவட்டத்துக்குப் பதில் சொல்கின்றன. கிழக்குச் சைபீரிய மண்டலத்தின் புரியாத்தியாவையும் பைக்காலுக்கு அப்பாலுள்ள நிலப்பகுதியையும் 2018இல் தூரக் கிழக்கு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். தூரக் கிழக்குக்கென ஒதுக்கிய சலுகைகள் அதன்பின் அவற்றுக்கும் கிடைத்தன.