இந்தியக் கல்விக் கொள்கைகளும் பள்ளி ஆசிரியர்களும்

இந்தியாவில் 1968, 1986, 2020 ஆகிய ஆண்டுகளில் தேசியக் கல்விக் கொள்கைகள் வெளியாயின. மூன்றுமே ஆசிரியரின் மதிப்பை உயர்த்துவது பற்றிப் பேசுகின்றன. பள்ளியில் பணிபுரிவோர் கொள்கையை அதன் முன்னுரையைப் பார்த்து எடைபோடுவதில்லை. சுற்றறிக்கையாக, பதிவேடாக, கைபேசிச் செயலியாக அது வகுப்பறைக்கு வந்து சேரும்போதுதான் எடைபோடுகிறார்கள்.

1986 கொள்கையையொட்டி வந்த கரும்பலகைத் திட்டம், ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு வகுப்பறைகளும் இரண்டு ஆசிரியர்களும் வேண்டும் என்றது. 2024-25இலும் நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஓராசிரியர் பள்ளிகள் இருந்தன. அந்த ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போனால், மாற்றுப் பணியில் இன்னொருவர் வரவேண்டும். வராவிட்டால் அன்று பாடம் இல்லை. காலிப் பணியிடத்தை நிரப்பிவிட்டுப் புதுத் திட்டத்தைத் தொடங்குங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் ஓயாமல் கேட்பது இதனால்தான். அது நியாயமான கோரிக்கை.

சீர்திருத்தத்தின் நோக்கத்தோடு ஆசிரியர்களுக்குப் பெரும்பாலும் பிணக்கில்லை. தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையுடன் வந்த இது, பாடத்தினூடே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என மதிப்பெண்ணைப் பிரித்தது. பிள்ளை படம் வரைவதும் கதை சொல்வதும் கணக்கில் வந்தன. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒவ்வொரு பாடத்துக்கும், ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் தனித்தனியே பதிவு எழுத வேண்டியிருந்தது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் கதை கேட்ட நேரத்தைப் பதிவேடு விழுங்கியது.

ஐந்து, எட்டாம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாத மாணவரை அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில் மட்டும் ஆசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஆசிரியரைக் கல்வி சாராத பணிக்கு அனுப்பக் கூடாது என்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கும் அதே பிரிவு விலக்கும் தருகிறது. வாக்காளர் பட்டியலோடு வீடுவீடாக அலையும் ஆசிரியருக்கு இந்த விலக்குதான் சட்டமாகத் தெரிகிறது.

2010இல் அறிவிக்கப்பட்ட ஆசிரியர் தகுதித் தேர்வை, அதற்கு முன்பே பணியில் சேர்ந்தவர்களும் எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்தது. ஓய்வுபெற ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ளவர்களுக்கு இரண்டாண்டு அவகாசம் தரப்பட்டது. பல ஆண்டுகள் பாடம் நடத்தியவர்கள் இதைத் தங்கள் அனுபவத்தின் மீதான ஐயமாகவே எடுத்துக்கொண்டனர்.

சட்டமியற்றும் இடத்தில் ஆசிரியர் குரலுக்கு அரசியலமைப்பின் 171ஆம் பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது: மாநில மேலவை உறுப்பினர்களில் பன்னிரண்டில் ஒரு பங்கினரை ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கலாம். உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத நிறுவனங்களில் கற்பிப்போருக்கே அந்த வாக்கு. தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு அது கிடையாது. தமிழ்நாட்டில் மேலவையே 1986இல் கலைக்கப்பட்டுவிட்டது.