பீனா மணம்

மணமகன் பெண் வீட்டுக்கு வந்து வாழும் திருமணத்தைக் குறிக்க ஆங்கில மானிடவியல் நூல்களில் வழங்கிய சொல் பீனா. கண்டிச் சிங்களவரின் ‘பின்ன’ என்பதே இதன் மூலம். வீட்டோடு மாப்பிள்ளை என்று நாம் சொல்லும் அதே ஏற்பாடுதான். கண்டியில் அதற்குச் சட்டத் தகுதி உண்டு, காணி யாருக்கு என்பதும் அதைப் பொறுத்தது.

பெண் கணவன் வீட்டுக்குப் போவது ‘தீக’. அப்படிப் போனவள் பொதுவாகத் தந்தையின் காணியில் பங்கை இழப்பாள். பின்னவில் மணந்தவளின் பங்கு அவளிடமே நிற்கும். ஆண்பிள்ளை இல்லாத, வயலைப் பார்க்க ஆள் தேவைப்பட்ட குடும்பங்களுக்கு இது கைகொடுத்தது. மருமகனுக்குத்தான் பிடிமானம் குறைவு. ஊன்றுகோல், தாளிப்பனை ஓலை, பந்தம் மூன்றையும் அவன் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது பழைய வழக்கு. நோயிலோ மழையிலோ இரவிலோ போகச் சொன்னாலும் அவன் புறப்பட்டாக வேண்டும்.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானபின், ஜோன் டொய்லி முதலிய அதிகாரிகள் மலைநாட்டு வழமைகளை எழுதிவைத்தனர். ஸ்கொட்லாந்து அறிஞர் மக்லெனன் பிற இனத்தாரின் ஒத்த மணங்களுக்கும் பீனா என்றே பெயரிட்டார். அவரைப் பின்பற்றி 1885இல் றொபேட்சன் ஸ்மித், பண்டைய அரேபிய உறவுமுறை பற்றிய நூலில் சொல்லைக் கையாண்டார். கூடார வாயிலைத் திருப்பிவைத்தே கணவனை விலக்கிய அரபுப் பெண்களைப் பற்றியும் அந்நூல் பேசுகிறது. 1929இல் ஜூலியன் மோர்கன்ஸ்டேர்ன் பண்டைய இஸ்ரேலிலும் பீனா மணத்தைத் தேடினார்.

இந்த அறிஞர்களுக்குப் பீனா தாய்வழிச் சமூகத்தின் எச்சமாகத் தெரிந்தது. கண்டிக்கு இது பொருந்தாது. அங்கே ஒரே வீட்டில் ஒரு மகள் தீகவிலும் இன்னொருத்தி பின்னவிலும் மணமுடிக்கலாம். எதைத் தேர்வது என்பதில் வயலும் வாரிசும்தான் பெரிதும் பேசின. 1961இல் வெளிவந்த ‘புல் எலிய’ நூலில் மானிடவியலாளர் எட்மண்ட் லீச், இலங்கைக் கிராமமொன்றின் காணியைக் கொண்டே உறவுமுறையை விளக்கியபோது சொல் மீண்டும் மண்ணுக்கு வந்தது.

கண்டியர் சட்டம் கண்டிச் சிங்களவருக்கு மட்டுமே உரியது. கண்டியில் வாழும் தமிழரைக் கட்டுப்படுத்தாது. 1938ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, திருமணத்துக்குப்பின் வீடு மாறினாலும் மணத்தின் வகை மாறாது. 1952ஆம் ஆண்டுக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டமோ, பதிவில் வகை குறிக்கப்படாத மணத்தை, மாறாக நிரூபிக்கப்படும்வரை தீக என்றே கொள்கிறது. ஆகவே பின்னவில் மணக்கும் பெண், பதிவேட்டில் அச்சொல் ஏறியிருக்கிறதா என்று பார்த்தே கையொப்பமிட வேண்டும்.