ஒராபி பாஷாவின் ஊரில் ஒரு பகல்



ஆகஸ்ட் விடுமுறையில் நாங்கள் நான்கு ஆசிரியர்கள் எகிப்து போய் வந்தோம். வந்த நாள் தொட்டு எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "பிரமிட் பார்த்தீங்களா சேர்?" பார்த்தோம். ஆனால் எழுத வேண்டும் என்று நினைத்தது பிரமிட்டைப் பற்றி அல்ல. கெய்ரோவில் இருந்து வடகிழக்கே எண்பது கிலோமீற்றர் அளவில் இருக்கும் ஸகாஸீக் நகரத்தையும், அதன் அருகில் உள்ள ஹிரிய்யத் ரஸ்னா என்ற கிராமத்தையும் பற்றி. நம்மவர்கள் ஒராபி பாஷா என்று சொல்லும் அஹ்மத் உராபி 1841இல் பிறந்த ஊர் அது.

எகிப்தில் ஷர்கிய்யா மாகாணத்து மக்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: "ஷர்கிய்யாக்காரர் ரயிலையே விருந்துக்கு அழைத்தவர்கள்." நோன்பு மாதத்தில் ஒரு ரயில் அவர்கள் ஊர்ப்பக்கம் நின்றுவிட்டதாம். நோன்பு திறக்கும் நேரம். கிராமத்தார் வீட்டில் இருந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடி வந்து ரயிலில் இருந்த அத்தனை பேரையும் இறக்கிச் சாப்பிட வைத்தார்களாம். மற்ற மாகாணத்தார் இதைப் பகிடியாகச் சொல்வார்கள். ஷர்கிய்யாக்காரர் பெருமையாகச் சொல்வார்கள்.

கெய்ரோ ரம்ஸீஸ் நிலையத்தில் நாங்கள் ரயில் ஏறியபோது இந்தக் கதை எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு எதிரே இருந்தவர் தன் பையில் இருந்த ரொட்டியையும் தஃமிய்யாவையும் பங்கிட்டுத் தந்துகொண்டேதான் சொன்னார். வேண்டாம் என்றோம். "தஃபள்ளல்" என்றார். மறுபடி வேண்டாம் என்றோம். மறுபடி "தஃபள்ளல்". மூன்றாவது முறை மறுக்கிற துணிச்சல் எங்களில் ஒருவருக்கும் இல்லை.

ஸகாஸீக்கில் ஒராபியின் சிலை இருக்கிறது, குதிரை மேல். கெய்ரோவில் ஒரு மெட்ரோ நிலையத்துக்கும் அவர் பெயர். அதையெல்லாம் பார்க்கும்போது, இந்த மனிதரை அவருடைய நாடு எப்போதும் இப்படித்தான் வைத்திருந்தது என்று தோன்றும். அது அப்படியில்லை.

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கிராமத்து ஷேக் ஒருவரின் மகன் ஒராபி. சிறு வயதில் தந்தையை இழந்தவர். சில வருடம் அல்-அஸ்ஹரில் ஓதினார், பிறகு படையில் சேர்ந்தார். அந்தக் காலப் படையில் துருக்கிய, சர்க்கேசிய வம்சத்தவருக்குத்தான் மேல் பதவி. மண்ணின் மகன் ஓர் எல்லைக்கு மேல் போக முடியாது. நாடோ ஐரோப்பியக் கடனில் மூழ்கிக் கிடந்தது. வரவு செலவைப் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் மேற்பார்வை செய்தார்கள். 1881 செப்டெம்பர் 9இல் ஒராபி படையோடு ஆப்தீன் அரண்மனைக்கு முன் போய் நின்று, அமைச்சரவையை மாற்று, பாராளுமன்றம் கூட்டு என்று ஆட்சியாளர் தவ்ஃபீக்கிடம் கேட்டார். அடுத்த ஆண்டு ஜூலை 11இல் பிரித்தானியக் கப்பல்கள் அலெக்சாந்திரியா மீது குண்டு பொழிந்தன. செப்டெம்பர் 13 விடியற்காலை, தல்லுல் கபீரில் ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாம் முடிந்துபோனது. மரண தண்டனை விதித்து, அதை நாடுகடத்தலாக மாற்றி, ஒராபியையும் தோழர்கள் ஆறு பேரையும் இலங்கைக்கு அனுப்பினார்கள். 1883 ஜனவரியில் கொழும்புத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள்.

ஹிரிய்யத் ரஸ்னாவுக்கு மைக்ரோபஸ்ஸில் போனோம். சாரதி எங்கள் அறபைக் கேட்டு, எந்த ஊர் என்றார். "ஸ்ரீலங்கா, பழைய பெயர் ஸீலான்" என்றோம். அவ்வளவுதான். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஸீலான் என்ற சொல் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. சாரதி காசு வாங்கவில்லை. இறங்கியதும், பஸ்ஸில் வந்த பெரியவர் ஒருவர் எங்களை நேரே தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

வாசலிலேயே "நவ்வர்த்து மஸ்ர்" என்றார்கள், எகிப்துக்கு ஒளி தந்தீர்கள் என்று. அதற்கு மறுமொழி உண்டு: அது அதன் மக்களாலேயே ஒளி பெற்றிருக்கிறது என்று சொல்ல வேண்டும். எங்களுக்கு அது தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றோம். பெரிய வட்டத் தட்டில் சாப்பாடு வந்தது. முலூகிய்யா, சோறு, கோழி, நெய் வடியும் ஃபதீர், பழைய பாலாடைக்கட்டி. எல்லோரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். நம் வீட்டுக் கலியாணத்தில் சஹனைச் சுற்றி உட்கார்வது போலத்தான். எங்கள் பக்கம் வெறுமையாகும்போதெல்லாம் பெரியவர் தன் பக்கத்து இறைச்சியைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் மாம்பழம். "இது உங்கள் நாட்டு மரம். உராபி திரும்பி வரும்போது கொண்டு வந்தது" என்றார். மாமரம் அதற்கு முன்பே எகிப்துக்கு வந்துவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு. அந்த இடத்தில் அதைச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

தேத்தண்ணி வந்த பிறகுதான் பெரியவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "யா உஸ்தாத், உங்கள் ஊரில் அவர் எப்படி இருந்தார்? மக்கள் அவரோடு எப்படி இருந்தார்கள்?"

நாங்கள் நான்கு பேரும் ஆசிரியர்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தெரிந்ததைச் சொன்னோம். துறைமுகத்தில் நம் மக்கள் திரண்டு நின்று வரவேற்றதை, கொழும்பில் பல வருடமும் பிறகு கண்டியிலும் வாழ்ந்ததை, எம். சி. சித்தி லெப்பையும் வாப்பிச்சி மரிக்காரும் 1892 ஆகஸ்ட் 22இல் மருதானையில் பாடசாலை தொடங்கியபோது அவர் துணை நின்றதை, அந்தப் பாடசாலைதான் இன்றைய ஸாஹிராக் கல்லூரி என்பதை. ஒராபியும் தோழர்களும் அணிந்த சிவப்புத் தொப்பி நம்மவர் தலைக்கு வந்ததையும், 1905இல் சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் அந்தத் தொப்பியோடு நீதிமன்றத்தில் நிற்கும் உரிமைக்காக நம் மக்கள் போராடியதையும் சொன்னோம். அதற்கு மேல் கேட்டிருந்தால் எங்களிடம் இல்லை. ஐந்து நிமிடத்தில் எங்கள் சரித்திரம் முடிந்துவிட்டது.

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவர் சொன்னதுதான் எங்களைத் தூங்கவிடாமல் செய்தது. ஒராபி 1901இல் மன்னிப்புப் பெற்றுத் திரும்பியபோது இங்கே அவருக்கு இப்படி ஒரு வரவேற்பு இருக்கவில்லை என்றார்.

அது உண்மை. வெள்ளைக்காரன் நாட்டுக்குள் வரக் காரணமானவர் என்று ஒரு தலைமுறையே அவரைக் குறை சொன்னது. அவருடைய எழுச்சியை "ஹோகா", வெறும் கலகம் என்றார்கள். பிரித்தானியருக்கு எதிராகப் பேசிய முஸ்தஃபா காமிலே அவரைத் தாக்கினார். பெருங்கவிஞர் அஹ்மத் ஷவ்கீ அவர் திரும்பி வந்ததை ஏளனம் செய்து கவிதை எழுதினார். அதே ஷவ்கீயைப் பிரித்தானியர் 1915இல் ஸ்பெயினுக்கு நாடுகடத்தினார்கள் என்பது வேறு கதை. ஒராபி 1911 செப்டெம்பர் 21இல் மௌத்தானார். 1952 புரட்சிக்குப் பிறகுதான் சிலையும் தெருப்பெயரும் மரியாதையும் பெருகின.

எல்லாத் தோழர்களும் திரும்பிப் போகவும் இல்லை. அப்துல் ஆல் ஹில்மி, மஹ்மூத் ஃபஹ்மீ, யஃகூப் ஸாமீ மூவரும் நம் மண்ணிலேயே மௌத்தானார்கள். ஒரு காலத்தில் பிரதமராக இருந்த கவிஞர் மஹ்மூத் ஸாமீ அல்-பாரூதீ, கண் பார்வை மங்கி 1899இல் ஊர் போனார்.

திரும்பும் ரயிலில் எங்களுக்குள் இதே பேச்சுத்தான். வென்றவனை வரவேற்க ஊரே வரும். தோற்று, பதவி போய், மனைவி மக்களோடு கரை இறங்கியவனை வரவேற்பதுதான் விருந்தோம்பல். 1883இல் நம் மூத்தவர்கள் அதைச் செய்தார்கள். ஆள்பவன் பிரித்தானியன், வந்தவன் அவனுடைய கைதி என்று தெரிந்தும் செய்தார்கள். அதற்கு எழுதிய கூலி எதுவும் இல்லை. நூற்று நாற்பது வருடம் கழித்து, அவர்களுக்குச் சேர வேண்டிய ஃபதீரையும் மாம்பழத்தையும் நாங்கள் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

வெட்கம் என்னவென்றால், அந்தக் கிராமத்துப் பெரியவருக்கு நம் மூத்தவர்கள் மேல் இருந்த அக்கறை நமக்கு இல்லை. கொழும்பிலும் கண்டியிலும் ஒராபியோடு பழகிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும் நம்மிடையே இருப்பார்கள். வாப்பா சொன்ன கதை, உம்மும்மா சொன்ன கதை, பெட்டிக்குள் ஒரு கடிதம், ஒரு பழைய படம் இருக்கலாம். தயவு செய்து வீட்டு மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். நாங்களும் எங்கள் மாணவர்களை அனுப்பிக் கேட்கச் சொல்லப்போகிறோம்.

விடைபெறும்போது பெரியவர் எங்கள் பையில் ரொட்டி கட்டி வைத்துவிட்டு ஒன்று சொன்னார்: "அடுத்த முறை வரும்போது இன்னும் கொஞ்சம் கதை கொண்டு வாருங்கள்."

வெறுங்கையோடு போகக் கூடாது.